கைராசிக்காரரின் பழைய டயர்கள்

எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் விஷயத்தில் நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான் ஐயா: குழாய்த் தண்ணீர் கலக்காதீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீர் கடையில் பாட்டிலில் கிடைக்கிறது. குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும். அது ரேடியேட்டருக்குள் படிந்து, வெளியே தெரியாமல் அடைத்துக்கொண்டே வரும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவும் கூடாது, முகம் வெந்துவிடும். இதெல்லாம் வாக்குமூலத்தில் வராது என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் கீழே நிற்கிற சிவப்பு வண்டி உங்களுடையது என்றால், ஒரு தடவை குனிந்து பாருங்கள். முன்டயரும் சரியில்லை. வரும்போது கண்ணில் பட்டது. பார்க்காமல் கடந்துபோக எனக்கு வராது.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன். நான், என் மனைவி, மாமனார் மூவரும் கீழ்வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கு மேலே ஒரு ஜவுளிக்கடை மேலாளர். நல்ல மனிதர், கலகலப்பானவர், யாரைப் பார்த்தாலும் தோளில் கைபோட்டுப் பேசுவார். நானும் அவரும் ஒரே மாதத்தில் ஒரே மாடல் மோட்டார் பைக் வாங்கினோம். நிறம்கூட ஒன்றுதான். வாசலுக்குப் பக்கத்தில் இரண்டும் ஒட்டி ஒட்டி நிற்கும். முதல் வருடம் வரை எது யாருடையது என்று எனக்கே சட்டென்று தெரியாது. இரண்டாவது வருடத்தில் நன்றாகத் தெரிந்தது.

அவர் வண்டியைத் துடைக்க மாட்டார். சங்கிலிக்கு எண்ணெய் காட்ட மாட்டார். கூலன்ட் டப்பாவில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டிருப்பார்கள். திரவம் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அவருடையதில் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய், இருந்த கொஞ்சமும் துருப்பிடித்த நிறத்தில் கிடந்தது. யாரோ வழியில் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

அவரிடமே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர் என் முதுகில் தட்டி, "விடுங்க சார், வண்டி அது பாட்டுக்கு ஓடும். நீங்கதான் சும்மா கவலப்படறீங்க" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தக்காரர் கவலைப்படாத வண்டிக்கு நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்று என் மனைவியும் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் போய் நிற்பவன் நான்தானே. மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மேல்வீட்டுக்காரர் தூங்குவார். குறட்டைச் சத்தம் மாடிப்படி வரை கேட்கும். நாலரை மணி வரை உலகம் புரண்டாலும் எழுந்திருக்க மாட்டார். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கமும் அவருக்கு உண்டு. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தத் துருத்தண்ணீரை முழுக்க வடித்து, இரண்டு தடவை உள்ளே அலசி, புதுக் கூலன்ட் ஊற்றினேன். வடித்ததைக் கீழே கொட்டவில்லை. நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும். அதோடு, அது அவருடைய பொருள். ஒரு பாட்டிலில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டி, எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அடுத்தவர் பொருளில் ஒரு துரும்பைக்கூட நான் எடுத்ததில்லை ஐயா.

அதற்கப்புறம் டயர். டயரின் பக்கவாட்டில் நாலு எண் அச்சடித்திருக்கும். முதல் இரண்டும் அது தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருடம். பள்ளத்துக்குள்ளே சின்னச் சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. அவருடையது மேட்டையும் தாண்டி மொட்டையாகிவிட்டது. மழையில் அது டயரே இல்லை, சோப்பு. நான் சக்கரங்களைக் கழற்றி, தெருமுனையில் இருக்கிற டயர்க்கடையில் கொடுத்து, அதே கம்பெனி, அதே அளவு, அம்புக்குறி ஓடுகிற திசையைப் பார்க்கும்படி மாட்டி வாங்கினேன். பழையது இரண்டையும் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். புதுசு என்று தெரியாமல் இருக்கக் கொஞ்சம் சேறு பூசினேன். புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் வழுக்கும் என்பதால், மறுநாள் காலையில் வாசலில் நின்று, மெதுவாகப் போகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

இப்படி நாலு வருடம். கூலன்ட் இரண்டு தடவை, பின்டயர் இன்னொரு தடவை, பிரேக் கட்டை, சங்கிலி. செலவைப் பற்றிப் பேச நான் வரவில்லை. யாராவது பாராட்டுவார்கள் என்று செய்திருந்தால் ஒளிந்து செய்திருப்பேனா?

பிரச்சினை அவர் வாயில்தான் தொடங்கியது. கட்டடத்துக்காரர்கள் கூடிப் பேசும்போது ஒருநாள் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "நாலு வருஷமாச்சு. என் வண்டியில இதுவரைக்கும் ஒரு ஸ்பேனர் பட்டதில்ல. கூலன்ட் மூடி எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. பராமரிப்பு பராமரிப்புன்னு இவங்க சொல்றதெல்லாம் சும்மா பயமுறுத்தல். எல்லாம் கைராசிதான்."

எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மெத்தென்று, நகத்தில் ஒரு பொட்டு அழுக்கில்லாமல் இருந்தது.

அன்றிலிருந்து அவருக்குக் கைராசிக்காரர் என்றே பேராகிவிட்டது. புது வண்டி வாங்கினவர்கள் முதலில் அவரை ஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். பக்கத்துத் தெருவிலிருந்துகூட ஒருவர் ஆட்டோவில் வந்து அழைத்துப் போனார். எதிர்வீட்டுத் தையல்காரர் இவர் பேச்சைக் கேட்டுக் கூலன்ட் பார்ப்பதையும் ஊற்றுவதையும் நிறுத்தினார். எட்டு மாதத்தில் எஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றது. கைராசிக்காரர் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். தையல்காரர் எஞ்சினைப் பற்றிக் கேட்காமல் கையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதையும் நான் பொறுத்துக்கொண்டேன். என் மாமனார்தான் என்னை உட்கார விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கையெல்லாம் கிரீஸோடு நான் உள்ளே வருவதைப் பார்த்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி, "அவரு தொடறதே இல்ல, அது பட்டு மாதிரி ஓடுது. நீங்க வாராவாரம் நோண்டுறீங்க. உங்க கை பட்டுத்தான் கெடுதோ என்னமோ மாப்பிள்ளை" என்பார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்காருவேன். அந்தக் கிரீஸ் எந்த வண்டியுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்.

போன மாதம் ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு வெளியே வந்தபோது, மாமனார் என் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கைராசிக்காரரிடம் கொடுத்திருந்தார். அவர் என் வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஸ்டார்ட் செய்தார். அது முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. கிளம்பாமல் என்ன செய்யும்? முந்தின நாள்தான் நான் பிளக் மாற்றியிருந்தேன். மாமனார் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா?" என்றார். என் மனைவி கதவோரத்தில் நின்று கைதட்டினாள். வேடிக்கைக்குத்தான் தட்டினேன் என்று பிற்பாடு சொன்னாள்.

அன்று எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு தெளிவு வந்தது. நாலு வருடமாக அடுத்தவர் பொருளை என் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது தப்பு. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குறட்டைச் சத்தம் கேட்டதும் அவர் வண்டிச் சக்கரங்களைக் கழற்றி, கட்டிலுக்கு அடியில் இருந்த அவருடைய பழைய டயர்களையும் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். வெயில் படாமல் வைத்திருந்தும் ரப்பர் கட்டைபோல இறுகி, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. டயர்க்கடைக்காரர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "சார், நல்லத கழட்டிட்டு மொட்டைய மாட்டச் சொல்றீங்களே, தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார். வண்டிக்காரர் விருப்பம் அப்படி என்றேன். அது பொய்யில்லை. பராமரிப்பே தேவையில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தானே.

பிறகு என் கூலன்டை வடித்தெடுத்துக்கொண்டு, அவருடைய துருத்தண்ணீரை ஊற்றினேன். ஊற்றுவதற்கு முன் பாட்டிலை நன்றாகக் குலுக்கினேன். அடியில் வண்டல் தங்கிவிட்டால் முழுசாகத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகாது.

திங்களும் செவ்வாயும் ஒன்றும் நடக்கவில்லை. காய்ந்த ரோட்டில் மொட்டை டயரும் ஓடத்தான் செய்யும். அந்த இரண்டு நாளும் நான் அடிக்கடி வானத்தைப் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

புதன்கிழமை மழை. அன்று மாமனாருக்குக் கண் டாக்டரைப் பார்க்கிற நாள். அது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். டாக்டர் கொடுத்த சீட்டைச் சமையலறை நாள்காட்டியில் குத்தி வைத்ததே நான்தான். கைராசிக்காரர் கூட்டிப்போவதாக முந்தின வாரமே பேசி வைத்திருந்தார்கள். நானும் ஒரு வார்த்தைக்கு, என் வண்டியில் வரச் சொன்னேன். மாமனார் கைராசிக்காரரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "வேணாம் மாப்பிள்ளை, வழியில நின்னுடுச்சுன்னா?" என்றார்.

நான் என் ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டி, வாரை இறுக்கி, இரண்டு விரல் நுழைகிறதா என்று சோதித்தேன். அவருடைய மழைச்சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுவிட்டேன். கெட்ட எண்ணம் உள்ளவன் இதையெல்லாம் செய்வானா? "பாத்துப் போய்ட்டு வாங்க மாமா" என்றேன். வண்டி தெரு திரும்பும் வரை வாசலில் நின்றேன். டயரின் தடத்தை ஈரத்தில் பார்த்தேன். கோடு ஒன்றும் விழவில்லை, வழவழவென்று பட்டை இழுத்த மாதிரி இருந்தது.

மருத்துவமனைக்கு முந்தின வளைவில் நடந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சூடு காட்டும் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. மாமனார் கேட்டதற்கு, மழைக்கு அது அப்படித்தான் எரியும் என்று கைராசிக்காரர் சொன்னாராம். வளைவில் பிரேக் பிடித்தார். பின்சக்கரம் தனியே ஒரு பக்கம் போனது. அவருக்குக் காலில் இரண்டு இடத்தில் முறிவு. மாமனாருக்கு இடுப்பெலும்பு. இனிமேல் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது என்கிறார்கள். தலையில் ஒரு கீறல்கூட இல்லை. வாரை இறுக்கியிருந்ததால்தான்.

உங்கள் காவலர்கள் வந்தார்கள், மழை என்று எழுதிக்கொண்டு போனார்கள். டயரை ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நேற்று மருத்துவமனைக்குப் போனேன். கட்டடமே அங்கே கூடியிருந்தது. கைராசிக்காரர் தொங்கவிட்ட காலோடு படுத்துக்கொண்டு, அஞ்சு வருடம் பட்டு மாதிரி ஓடின வண்டி, யார் கண் பட்டதோ என்றார். ஆமாம் ஆமாம் என்றார்கள். தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து என் மாமனார், வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, தலையை மட்டும் தூக்கிச் சொன்னார்: "அவரு கைராசிக்குத்தான் உயிரோட இருக்கோம். வேற யாராவது ஓட்டியிருந்தா போயே சேர்ந்திருப்போம்."

நேராக வீட்டுக்கு வந்து, நாலு வருட ரசீதுகளையும் கழற்றி வைத்திருந்த நல்ல டயர்களையும் எடுத்து வைத்தேன். இன்று காலையில் இங்கே கிளம்பும்போது மனைவி வழியை மறித்தாள். "உங்க மேல யாருக்கும் சந்தேகமே இல்லையே, அப்புறம் எதுக்குப் போறீங்க?" என்று அழுதாள். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா ஐயா. அதற்காக மட்டும்தான் வந்தேன்.

ஆகவே, நானேதான் செய்தேன். தெரிந்து செய்தேன். பின்னால் உட்காரப் போவது யார் என்று தெரிந்தும் செய்தேன். எழுதும்போது வரிசை முக்கியம். முதலில் நாலு வருடப் பராமரிப்பு வரட்டும், தேதியோடு. விபத்து கடைசியில் வந்தால் போதும். கையெழுத்தானதும் ஒரு பிரதி எங்கள் கட்டடத்து அறிவிப்புப் பலகையிலும், இன்னொன்று மருத்துவமனையில் இரண்டு கட்டிலுக்கும் தெரிகிற மாதிரியும் ஒட்ட முடியுமா என்று பாருங்கள்.

தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். லிப்ட் பராமரிப்பு. பத்தொன்பது வருடம். இந்த வட்டாரத்தில் பதினோரு லிப்ட் என் பொறுப்பு. நீங்கள் தினமும் இந்த மாடிக்கு ஏறி வருகிறீர்களே, அதுவும் என் கைவேலைதான். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட நடுவில் நின்றதில்லை. நன்றாக ஓடுகிறது என்று இந்த அலுவலகத்திலிருந்து இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.