மிசினுக்குப் புழுங்குமாம்

சின்னப் புள்ளைகளா? ஒண்ணுகூட இல்லங்கய்யா. இந்த மில்லுல எல்லாத்துக்கும் வயசு பதினெட்டு. பல்லு விழுந்து மொளைக்கிறவளுக்கும் பதினெட்டுதான். கேட்டா அப்புடித்தான் சொல்லணும்னு மேனேஜரு சொல்லியிருக்காரு. அவரு ஒங்களுக்குப் பலகாரம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்காரு, வர்ற வரைக்கும் இந்த மோரக் குடிங்க.

எம் பேரு அழகம்மாளுங்க. ராசா ஆட்சி இருந்தப்பருந்து இங்கதான் நெல்லு அள்ளிக் கொட்டுறேன். அப்பல்லாம் மில்லப் பாக்க இன்ஸ்பெட்டருன்னு ஒருத்தரும் இந்தப் பொன்னமராவதிப் பக்கம் வந்ததில்ல. இப்பத்தான் சர்க்காரு மாறி நீங்க வந்துருக்கீக.

அந்தப் போர்டா? ஜாக்கிரதைன்னு போட்டுருக்காமே. ராக்காயி கை போனப்பறம் மாட்டுனது. எங்கள்ல ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. மிசினுக்குத் தெரியும்போல, அதப் பாத்தாப்புலதான் மாட்டியிருக்காக.

ராக்காயி சேவுகன் பொண்ணுங்க. அப்பன் சீக்குல கெடந்தான், அதான் இவ வேலைக்கு வந்தா. நீங்க வாரீகன்னு இந்தப் பெல்ட்ட இன்னைக்கு நிப்பாட்டி வச்சிருக்காக. அன்னைக்கு ஓடிக்கிட்டிருக்கப்ப, இதுக்குக் கீழ சிந்துன நெல்லக் கூட்டிக்கிட்டிருந்தா. தாவணி மொனைய இழுத்துருச்சு. நான் கத்துன கத்துல எஞ்சின நிப்பாட்டிட்டாக, இருந்தும் கை போயிருச்சு. மாட்டு வண்டியில போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மடியில படுத்துக்கிட்டு, அத்தே, நாளைக்கு நான் வரலன்னா வேற ஆளு வச்சுருவாகளான்னு கேட்டா.

மொதலாளி கார்ல ஓடியாந்தாக, சும்மா சொல்லக்கூடாது. வந்ததும் மிசினத்தான் தடவிப் பாத்தாக. அதுக்கு ஒண்ணும் ஆகலன்னதுக்கப்பறந்தான் மூச்சே விட்டாக. மறுநா பூசணிக்கா ஒடச்சு மிசினுக்குத் திருஷ்டி கழிச்சாக. பெல்ட்டச் சுத்தி ஒரு கம்பி வலை அடிச்சுக் குடுங்கன்னு நான் கேட்டேன். காத்துப் போகாது, மிசினுக்குப் புழுங்கும்னுட்டாரு மேனேஜரு. எம்புட்டு எரக்கமான மனுசன் பாருங்க.

அப்பறம் நானே காலையில புள்ளைகள நிக்க வச்சு, தாவணிய இழுத்துச் சொருகி, சடையச் சுருட்டிக் கட்டித்தான் உள்ள விடுவேன். பெல்ட்டுப் பக்கமா நான் நின்னுக்கிருவேன்.

எந்தப் புள்ளைகளா? அட ஆமா, இல்லன்னுல்ல சொன்னேன்.

ஒங்கள ஒண்ணு கேக்கலாங்களா? பலகாரத்தத் தின்னுட்டு, எல்லாம் நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போயிர மாட்டீகளே? கண்ணால பாத்ததத்தான் எழுதுவீகளா? அதுவும் சரித்தான். பாக்காதத எப்புடி எழுதுறது.

அப்ப இந்தாங்க, சாவி. பின்னாடி உமி ரூமு இருக்குல்ல, அதுக்குத்தான். ஒங்க தலை மறையிற மட்டும் சத்தங் காட்டக்கூடாதுன்னு அம்புட்டுப் புள்ளைகளையும் உள்ள விட்டு, என்னையத்தான் பூட்டச் சொன்னாரு. நான் வாயத் தொறக்க மாட்டேன்னு அவருக்குத் தெகிரியம். எம் மக செவந்திக்கும் இங்கதான பொழப்பு, அவளும் உள்ளதான் நிக்கிறா.

மெதுவாத் தொறங்கய்யா. காத்துக்காகக் கதவு இடுக்குல மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கும்ங்க, விழுந்துறப் போகுதுக.