உடைந்த துண்டுகளின் தட்டு

கல் அறுக்கும் மிஷினுக்குப் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், ஜகதீசன் சார். நேற்று நீங்கள் விசாரித்தபோது எல்லாவற்றுக்கும் நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பாதி காதில் விழவில்லை. வாக்குமூலத்தை நானே தமிழில் டைப் செய்து தருகிறேன் என்றதற்கு நீங்கள் சரி என்றது நல்லதாகப் போயிற்று. நான் லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். தெலுங்கும் ஹிந்தியும் வாயில் தானாக வரும். நிதானமாக எதையாவது எழுத வேண்டுமென்றால் தமிழ்தான்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. பூமிக்கடியில் மூன்று நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குள் எரிவாயு இருக்கிறது. சில பாறைகளில் அது தானாகவே நகர்ந்து குழாய்க்கு வந்துவிடும். சிலவற்றில் நகராது, பாறையைப் பிளந்தால்தான் வரும். இந்த இரண்டாவது வகையை டைட் பாறை என்போம். எது டைட், எது இல்லை என்பதற்கு அரசாங்கத்தில் ஒரு வரம்பு உண்டு. பாறையிலிருந்து விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் வழியாகவும் வாயு எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று அளக்க வேண்டும். சராசரி அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் டைட். அந்தப் பெயர் கிடைத்துவிட்டால் வாயு எடுக்கும் கம்பெனிக்கு நல்ல விலை. இன்னொரு சலுகையும் உண்டு. சுற்றியிருக்கும் ஊர்களில் வாயு கசிகிறதா என்று பார்க்கும் கிணறுகளைப் போட வேண்டியதில்லை. நகராத வாயுவுக்குக் காவல் எதற்கு?

அந்த வரம்பையும் சலுகையையும் அரசாங்க விதியில் ஒரே வரியாக எழுதியவள் நான்தான். ஓய்வு பெறுவதற்கு முன் அந்த விதிகளை வகுத்த குழுவில் இருந்தேன். ஒரு டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தேன், ஒருவரும் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை.

ஓய்வுக்குப் பிறகு பாலாநகரில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்துக்கு என்னைத் தலைமையாக வைத்தார்கள். போன வருஷம் கோதாவரிப் பக்கத்திலிருந்து ஒரு பாறை வந்தது. என் வரியின் கீழ் டைட் என்ற பெயர் கேட்டு வந்த முதல் பாறை அது. அளந்தோம். சராசரி வரம்புக்கு நன்றாகக் கீழே வந்தது. பெயரும் கிடைத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்க மாட்டீர்களே. மூத்த பேத்திக்குப் பெயர் வைத்தபோது இருந்த மாதிரி இருந்தது.

பாறையை வெட்டும்போது சில துண்டுகள் உடைந்துபோகும். உடைந்ததை அளக்க முடியாது. அதை ஒரு அலுமினியத் தட்டில் போட்டு ஓரமாக வைப்போம். இது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. நான் வேலை கற்ற இடத்திலும் அப்படித்தான், அவர்கள் கற்ற இடத்திலும் அப்படித்தான்.

நஸ்ரின் வந்து சேர்ந்தது அதற்கப்புறம். கொண்டாப்பூரில் இருக்கும் அப்துல் காதரின் மகள், அவர்கள் பூர்வீகம் காயல்பட்டினம். நல்ல பெண். சம்பளம் வந்தால் எல்லோருக்கும் உஸ்மானியா பிஸ்கட் வாங்கி வருவாள். தனக்கு மட்டும் பிஸ்கட் டீயில் விழுந்துவிடும், ஸ்பூனால் தேடிக்கொண்டிருப்பாள். ஒருநாள் அந்தத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

"சுமா மேடம், இந்தத் தட்டுல இருக்கிறதை ஏன் யாருமே அளக்கல?"

"உடைஞ்சதை எப்படிம்மா அளக்கிறது?"

"அது ஏன் உடையுது? உள்ள விரிசல் இருக்கிறதாலதானே. வாயு போற வழியும் அந்த விரிசல்தானே மேடம். வழி இருக்கிற துண்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, வழி இல்லாததை மட்டும் அளந்தா டைட்டுன்னுதானே வரும்?"

கல் வெட்டும் சீனு வாசலில் நின்று சிரித்தான். "நக்கோ, வேணாம் மேடம், இந்தப் பொண்ணுகிட்ட வாயக் குடுக்காதீங்க. எதுக்கு இது குப்பையில கை விடுதுன்னு நானும் கேட்டுப் பாத்துட்டேன். நாளைக்கு என் டிபன் டப்பாவையும் அளக்கும்."

"உங்க டப்பா டைட்டுதான் சீனு அண்ணா, யாருக்கும் ஒரு வாய் கெடைக்காது," என்றாள் அவள். நானும் சிரித்தேன்.

அவள் விடவில்லை. உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து, சூடாக்கினால் சுருங்கும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு இறுக்கி, ஒவ்வொன்றாக அளந்தாள். வரம்பைவிட நூறு மடங்கு வந்தது. என் அறையில் உட்கார்ந்து திரும்ப ஒருமுறை அளந்து காட்டினாள். கை சுத்தம், வேலை சுத்தம். நன்றாகச் செய்திருக்கிறாய் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"அப்ப மேலே எழுதிடலாமா மேடம்? அந்தப் பாறை வந்த ஊர் ஜனங்க பாவம்."

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம் என்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை.

அந்த ஊரிலிருந்து ஏற்கெனவே ஒரு புகார் வந்திருந்தது. குடிதண்ணீர் பம்ப் ஹவுஸில் தண்ணீர் சோடா மாதிரி நுரைக்கிறது என்று வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். கம்பெனி அதை என்னிடம் அனுப்பிக் கருத்துக் கேட்டது. வயல்களில் மேலாக ஊறும் சதுப்பு வாயுதான், பயமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். நஸ்ரின் அந்த வீடியோவை எங்கிருந்தோ பிடித்துவிட்டாள். தானே போய்த் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்றாள். தண்ணீரில் இருக்கும் வாயுவைச் சோதித்தால் அது மேலே ஊறியதா, ஆழத்திலிருந்து வந்ததா என்று தெரிந்துவிடும். அப்புறம் பாறையின் பெயர் போகும், என் வரியும் போகும். கூட்டம் போட்டு, நான் அதை எழுதிய அதே மேஜையில், நான் ஓய்வு பெற்றபோது சால்வை போட்டவர்கள் உட்கார்ந்து அந்த வரியைக் கோடு போட்டு அடிப்பார்கள்.

போய் வா என்றேன். தடுத்தால் சந்தேகப்படுவாள். தனியாகப் போகிற பெண் என்று வாயு கண்டுபிடிக்கும் கருவியையும் நானே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கையடக்கமானது, மஞ்சள் நிறம். காற்றில் எரிவாயு கலந்திருந்தால் எண் ஏறும், கத்தும். அவள் தாங்க்யூ மேடம் என்று அதைத் தோள்பையில் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. காலையில் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். காது மந்தம் என்பதால் போனை எப்போதும் ஸ்பீக்கரில்தான் வைப்பேன். நஸ்ரின் கூப்பிட்டாள்.

"மேடம், பம்ப் ஹவுஸ் வாசல்ல நிக்கிறேன். ரெண்டு நாளா பூட்டியே கெடந்துச்சாம். ஆபரேட்டர் இப்பதான் தொறந்தாரு. உள்ள ஜன்னல்கூட இல்ல. மோட்டார் போட்டாத்தான் தண்ணி வரும்."

"வாசனை ஏதாவது வருதா?"

"இல்ல மேடம்."

எரிவாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது, சார். வீட்டு சிலிண்டரில் நாம் உணர்வதெல்லாம் அதில் கலந்துவிட்ட வாசனை. இது அவளுக்கும் தெரியும். அதனால்தான் அடுத்ததையும் கேட்டாள்.

"மெஷின் ஜீரோதான் காட்டுது. உள்ள நீட்டியும் பாத்தேன். சுவிட்சு போடலாமா மேடம்?"

"ஜீரோன்னா போடேம்மா. அதுக்கு எதுக்கு எனக்குப் போன்?"

அவள் சிரித்தாள். "உங்ககிட்ட கேட்டுட்டா ஒரு தைரியம் மேடம்."

பிறகு அந்த வெடிச் சத்தம். பேத்தி தலையைத் திருப்பி, "அதி ஏம் சப்தம் அம்மம்மா?" என்று கேட்டாள். நான் தமிழில் கேட்டாலும் அவள் தெலுங்கில்தான் பேசுவாள். ஒன்றுமில்லை, ஆடாமல் உட்கார் என்றேன். இரண்டாவது பின்னலை முடித்து ரிப்பனும் கட்டினேன். கோணாமல் வந்தது. கதவைத் திறந்துவிட வந்து அவளோடு செத்துப்போன ஆபரேட்டரின் பெயர் தேவசகாயம் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது. அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. யாராவது பூட்டைத் திறக்க வேண்டும்தானே, அதை யோசித்திருக்கலாம்.

அப்துல் காதர் வீட்டுக்குப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பத்தியேதான் பேசுவா மேடம்" என்றார். பிஸ்கட் வைத்தார்கள். ஒன்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வழக்கை எந்தச் சட்டப் பிரிவில் போடுவது என்று நேற்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. வகைப்படுத்துவதுதான் நான் இத்தனை வருஷம் செய்த வேலை, அதனால் சொல்கிறேன். பூட்டிக் கிடந்த அறை. வாசனையில்லாத வாயு. பூஜ்யம் காட்டிய கருவி. தானாகவே கிளம்பிப் போன பெண். நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எல்லாம் ஒரு பக்கமாகத்தான் வருகிறது.

ஒன்றே ஒன்று மிச்சம். நீங்கள் எப்படியும் கருவியைச் சோதனைக்கு அனுப்புவீர்கள், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கூடத்தில் சிலிக்கோன் பசை போட்ட நாளிலிருந்து, அந்த ஆவி பட்டு, அதன் சென்சார் செத்துக் கிடந்தது. திரை எரியும், எதை நீட்டினாலும் பூஜ்யம்தான். அவளுக்குக் கொடுப்பதற்கு முன் சந்தேகத்துக்கு ஒருமுறை கேஸ் லைட்டரை அதன் வாயில் பிடித்து, பற்றவைக்காமல் வாயுவை மட்டும் விட்டுப் பார்த்தேன். பூஜ்யம் காட்டியது. அதன் பிறகுதான் கொடுத்தேன்.

இது மட்டும்தான் மற்றவற்றோடு சேராது, சார். இந்த ஒரு துண்டை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு மீதியைப் பாருங்கள். விபத்துதான்.