கால்வாசி எண்ணெய்

ஸ்கூட்டர் எஞ்சினுக்கு எண்ணெய் கூடினாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. இதை முதலிலேயே எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும், இன்ஸ்பெக்டர். காப்பி நன்றாக இருக்கிறது.

என் பெயர் தர்மேந்திரன். ஜெலாப்பாங்கில் இருபத்திரண்டு வருடமாக மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். வீட்டில் நானும் தங்கை பிரமிளாவும்தான். அவள் மீன் கறி வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் தட்டோடு வந்து நிற்பார். சிரிப்புக்குக் குறைவில்லாத வீடு. நாற்பத்தொரு வயதில் அவளுக்குக் கோலா கங்சாரில் சுகுமாரன் என்று ஒருவர் கிடைத்தார். நல்ல மனிதர். ஞாயிறுதோறும் தன் ஸ்கூட்டரில் அவரைப் பார்க்கப் போவாள்.

முதலில் விளையாட்டாகத்தான் செய்தேன். அவள் வண்டியில் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றினேன். மிஞ்சிய எண்ணெய் உள்ளே நுரைக்கும். வண்டி மூச்சு வாங்கிப் புகை கக்கும். சிம்மோர் தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டாள்.

"அண்ணே, மோட்டோ இழுக்கவே மாட்டேங்குது லா. ஒரே புகை."

"விட்டுட்டுப் போ, நான் பாக்குறேன்."

அன்று மத்தியானம் இரண்டு பேரும் சீட்டு விளையாடினோம். அவள்தான் ஜெயித்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து சுகுமாரனே தன் ஸ்கூட்டரில் வரத் தொடங்கினார். கல்யாணத் தேதியும் குறித்தார்கள். அவள் கோலா கங்சாருக்கே போய்விடுவாளாம்.

"மச்சான், உங்க கையால ஒரு சர்வீஸ் பண்ணிக் குடுங்க. வேற ஆள நம்ப மாட்டேன்," என்றார் அவர். செய்து கொடுத்தேன். கண்ணாடியைக்கூடப் பளிச்சென்று துடைத்தேன்.

பெட்ரோல் தீர்ந்தால் முள் காட்டும். அந்த வண்டியில் எண்ணெய் தீர்ந்தால் எதுவும் காட்டாது. எண்ணெய் அளவு பார்க்கும் கோலை உருவிப் பார்க்க வேண்டும். யார் பார்க்கிறார்கள்? இரும்போடு இரும்பு உரசிச் சூடேறி, எஞ்சின் ஒரு நொடியில் இறுகிவிடும். வேகத்தில் இருந்தால் பின் சக்கரமும் நின்றுவிடும். அவர் வீடு திரும்பும் வழியில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் நின்றது. பின்னால் மரம் ஏற்றிய லாரி.

கொல்ல நினைத்திருந்தால் பிரேக்கில் கை வைத்திருப்பேன். இந்தப் பயணமே அவருக்கு வெறுத்துப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். எண்ணெயை முழுக்க வடித்தேனா என்கிறீர்கள். இல்லை, கால்வாசி விட்டுவைத்தேன். முழுக்க வடித்திருந்தால் பட்டறை முக்கிலேயே நின்றிருக்கும், அவரும் தள்ளிக்கொண்டு திரும்பி வந்திருப்பார். கால்வாசி இருந்தால்தான் பெரிய சாலை வரை ஓடும்.

அவர் வண்டிக்கென்று எடுத்து வைத்த புது எண்ணெய்ப் போத்தல் பட்டறையில் திறக்காமல் அப்படியே இருந்ததைப் பிரமிளா பார்த்திருக்கிறாள். உங்களிடம் வந்து சொன்னதும் அவள்தான் என்று தெரியும். எனக்குக் கோபமில்லை. துக்கத்தில் சொல்லியிருப்பாள். மனசு ஆறியதும் என்னைப் பார்க்க வருவாள். அவளுக்கு என்னை விட்டால் இப்போது யார் இருக்கிறார்கள்?