இன்ஷூரன்ஸ் பார்க்கச் சொன்னார்கள்

டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். விசாரணைக்காக நீங்கள் கேட்டதையெல்லாம் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் பாலசுந்தரம். சுபேதார். ராணுவத்தில் இருபத்தாறு வருடம். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை, விசாரித்துப் பாருங்கள். போன வாரம் கர்னல் கூப்பிட்டு, பரவைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் முகாமில் ஜவான்கள் சொந்தமாக வைத்திருக்கும் கார்களுக்கெல்லாம் இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மொத்தம் முப்பத்தொரு கார். ஏழுக்கு இல்லை.

அந்த ஏழு பேரையும் வரிசையில் நிறுத்திப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். காளவாசல் சந்திப்பில் ஒரு ஷேர் ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது என்றேன். ஜெயபாண்டி கையைத் தூக்கினான்.

"சாப், என் காரு நகந்தே ஆறு மாசமாச்சு. நிக்கிற காரை எவன் வந்து இடிக்கப்போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வது என் கடமை என்று தோன்றியது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூன்று டன் லாரியை எடுத்தேன். வண்டிப் பதிவேட்டில் 'பயிற்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜெயபாண்டியின் கார் வேப்பமரத்தடியில் நின்றது. உள்ளே யாரும் இல்லை என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். பின்சீட்டில் ஒரு தலையணை கிடந்தது. நசுங்கிவிடக் கூடாதே என்று அதை வெளியே எடுத்து ஓரமாக வைத்தேன். பிறகு முதல் கியரில் மெதுவாகப் போனேன். வேகமாகப் போனால் பாடம் மனதில் பதியாது.

சத்தம் கேட்டு ஜெயபாண்டி ஓடிவந்தான்.

"நிக்கிற காரையும் இடிப்பாங்க மாப்ள, பாத்துக்க" என்றேன். வாயைத் திறந்தபடி நின்றான். புரிந்துகொண்டான் என்றே நினைக்கிறேன்.

ஒருவனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு மற்றவர்களை விட்டால் பாரபட்சமாகிவிடும். அதனால் பட்டியலில் உள்ள வரிசைப்படியே போனேன். ஹவில்தார் வெங்கடேஷ்பாபு எங்கள் சௌராஷ்டிரக்காரர். கார் முன்னால் நின்றுகொண்டு வீட்டு மொழியிலேயே கெஞ்சினார். நானும் அதே மொழியில், ஓரமாக நின்றால் நன்றாகத் தெரியும் என்றேன். ஹாரன்கூட அடிக்கவில்லை. அவர் ஒதுங்கும்வரை காத்திருந்தேன்.

நஷ்டஈடு பற்றிக் கேட்டீர்கள். அதில் சின்னச் சிக்கல் உண்டு. ராணுவ லாரிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை, சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆகவே இடித்த வண்டிக்கும் பாலிசி இல்லை, இடிபட்டதற்கும் இல்லை. இதையும் நானே அவர்களுக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது.

ஆறு முடிந்தது. ஏழாவது ஜுல்பிகருடையது. கோரிப்பாளையத்துப் பையன், காரைக் கண்ணாடி போலத் துடைத்து வைத்திருப்பான். செல்போனை நீட்டியபடி லாரிக்கு முன்னால் ஓடிவந்தான்.

"சாப், அல்லா மேல சத்தியமா இப்பத்தான் கட்டுனேன். பாலிசி வந்துருச்சு, இந்தா பாருங்க."

எஞ்சினை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். பெயர், வண்டி எண், தேதி, எல்லாம் சரியாக இருந்தன. காரில் எது மோதினாலும் செலவைக் கொடுப்பார்களாம். பட்டியலில் 'உண்டு' என்று குறித்தேன். "ரொம்ப நல்ல காரியம் மாப்ள" என்று முதுகில் தட்டினேன். பாவம், அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஏன் லாரியை மறுபடியும் ஸ்டார்ட் செய்தேன் என்பதுதானே உங்கள் கேள்வி. கோபமெல்லாம் இல்லை, மேடம். காசு கட்டி வாங்கியிருக்கிறான், அது வேலை செய்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டாமா? பார்த்தேன். இதுவரை எல்லாமே உத்தரவின்படி, அவர்கள் நன்மைக்காக.

பின்னால் எடுத்து இரண்டாவது தடவை இடித்தேனே, அது மட்டும் ஆசைக்கு.