"சிறு சீரமைப்பு" என்றார்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் கோயில் தலைவர் அருணாச்சலம் ஐயா அவர்களே! பா நகரத்துப் பெரியோர்களே! வரதோலியிலிருந்து கைக்குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! போன வருஷம் நிறைந்திருந்து இன்று வெறுமையாய்க் கிடக்கும் நாற்காலிகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எத்தனையோ பேரைப் போல நாட்டைவிட்டு பிரிஸ்பேனுக்குக் கிளம்பும் நம் ஊர் தாரிணியை வாழ்த்த, தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தீவு நாட்டுக்கு வந்து ரராவாய் சர்க்கரை ஆலையில் பொறியாளனாக இருக்கும் என்னை அழைத்தீர்கள். வாழ்த்து வாயில் வரவில்லை ஐயா, வருத்தம்தான் வருகிறது.

தாரிணி என்ன செய்தார்? பலர் கூடி எழுதும் கணினி நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று காத்து வைக்கும் இலவச மென்பொருள் ஒன்று. உலகெங்கும் உள்ளவர்கள் ஊதியமின்றி உருவாக்குவது. அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினார். "இருவர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் மாற்றினால் ஒருவர் வேலை சுவடின்றி அழியும், உடனே புதிய பதிப்புக்கு மாறுங்கள்" என்று குறிப்பும் எழுதினார். வெளிநாட்டில் இருந்த திட்டத் தலைவர் அதை வெட்டிவிட்டுப் போட்டது என்ன? "சிறு சீரமைப்பு!"

"பயனர்கள் பயந்துவிடுவார்கள்" என்றாராம்.

"பயப்பட வேண்டியதுதானே!" என்று வாதாடினார் தாரிணி. எடுபடவில்லை.

பின்வரிசையில் என்ன சலசலப்பு? தமிழ் புரியவில்லையா? உர்மிளா அம்மா, கொஞ்சம் ஹிந்தியில் சொல்லிவிடுங்கள்.

டிசம்பரில் இங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. லோவு ஊரைச் சேர்ந்த ஷானில் வேலை பார்த்த அலுவலகம் மூடப்பட்டது. அவரும் நண்பரும் கரும்பு லாரிகளுக்காக எழுதி, அதே இலவச மென்பொருளில் காத்து வைத்திருந்த நிரலைக் காட்டினால் ஆக்லாந்தில் வேலை என்றார்கள். காட்டுவதற்குத் திறந்தார். அவர் எழுதிய பாகமே இல்லை! வேலை போயிற்று, விசா போயிற்று. அங்கே நர்ஸ் வேலை கிடைத்த மனைவி ஷமிதா, மகளோடு நாந்தி விமான நிலையத்தில் விமானம் ஏறினார். வழியனுப்பிவிட்டு ஷானில் தனியே வீடு திரும்பினார்.

செய்தி கேட்டு தாரிணி ஓடினார். "அண்ணா, நான் எச்சரிக்கை எழுதினேன். வெட்டிட்டாங்க."

"சின்ன ரிப்பேர்னுதானே போட்டிருந்துச்சு தாரிணி? ஆபீஸ் மூடுற குழப்பத்துல அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அழியும்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா..."

அவர் அனுமதியோடு, நடந்ததை அப்படியே திட்டத்தின் இணைய மன்றத்தில் எழுதினார் தாரிணி. "எங்களுக்கும் அழிந்தது, எங்களுக்கும் அழிந்தது" என்று நாடு நாடாய்க் குரல் எழுந்தது. திட்டத் தலைவர் பணிந்தார், தாரிணியின் வாசகமே அறிவிப்பாயிற்று. ஷானிலின் உழைப்பு மட்டும் திரும்பவில்லை.

சபையோரே! ஆட்சியைக் கவிழ்த்தவர்களும் "சுத்தம் செய்கிறோம்" என்றுதானே சொன்னார்கள்? உடைந்ததை உடைந்தது என்று சொல்ல ஏன் நா கூசுகிறது? அழிந்ததை அழிந்தது என்று எழுத ஏன் கை நடுங்குகிறது? எழுதுங்கள்! போனது வராது, இனிப் போக இருப்பதாவது பிழைக்கும்!

தாரிணி, நல்லபடியாகப் போய் வாருங்கள். ஷானில் இன்று வரவில்லை. லோவுப் பக்கம் போகிறவர்கள் அவர் கதவைத் தட்டி ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். பொறுமையாய்க் கேட்டீர்கள், நன்றி. இருப்போருக்கும் புறப்படுவோருக்கும் வணக்கம்.