நடு வீட்டை நகர்த்தியது யார்?

நான் வாயைத் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் தம்மபாலன் ஐயா அவர்களே! பூமிக்கடியில் இறங்கி உலகத்துக்குப் பொன்னைக் கொடுத்து, வீட்டுக்கு இருமலைக் கொண்டுவந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா, மறந்தோமா என்று அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பெங்களூர் ரயிலில் நின்றபடியே தூங்கப் பழகிய தம்பி தங்கைகளே! ஆண்டர்சன்பேட்டை இட்லிக்கடை பாப்பம்மாவின் ஆவி பறக்கும் வணக்கம்!

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவள் நான். ஆனாலும் இன்றைக்குக் கணக்குப் பாடம் நடத்தப்போகிறேன். சிரிக்காதீங்க நோயல் அண்ணா, நாலு இட்லி தின்னுட்டு மூணுன்னு சொல்ற உங்களுக்குத்தான் முதல் பாடம்.

எதற்காகக் கூடினோம்? சுலோச்சனாவுக்காக. மைசூர் மைன்ஸ் பகுதியில் இருக்கும் சுலோச்சனா வாரத்தில் மூன்று நாள் பங்காருபேட்டை போய், ரயில் பிடித்து, பெங்களூரில் டயாலிசிஸ் செய்துகொண்டு, துவைத்துப் பிழிந்த துணியாய்த் திரும்புகிறாள். அந்த மிஷினை இங்கேயே இலவசமாக வைக்கிறோம் என்று ஒரு டிரஸ்ட் வந்தது. ஒரே நிபந்தனை. நம் தாலுகாவின் நடு வீட்டு வருமானம் மாதம் இருபதாயிரத்துக்குள் இருக்க வேண்டும்.

நடு வீடுன்னா இன்னா? சர்வே எடுத்த தேவிகா பொண்ணு சொன்னாள். அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜுக்கு ஆட்கள் நின்றது போல வீடுகளை வரிசையில் நிறுத்து. குறைந்த வருமானம் முன்னால், கூடுதல் வருமானம் பின்னால். சரிபாதியில் நிற்கிறதே ஒரு வீடு, அதன் வருமானம்தான் கணக்கு. எல்லா வீட்டுக்கும் போக முடியுமா? சீட்டுக் குலுக்கி அறுநூறு வீட்டை எடுத்தார்கள். ஒரு வீடு எழுபது வீட்டுக்காகப் பேசும்.

பேசியது. எப்படிப் பேசியது? முப்பத்தோராயிரம் என்று பேசியது. மிஷின் வராது என்று கடிதம் வந்தது.

யார் மேல் பாய்ந்தோம்? இரும்புக்கடை ரவிகுமார் தம்பி மேல். மூன்று மாடி கட்டியவன் வருமானம்தான் நம்மை மேலே ஏற்றிவிட்டது என்று என் கடையிலேயே, பத்துப் பேர் எதிரில் நானே சொன்னேன். பத்து நாளாய் அவன் இட்லிக்கு வரவில்லை.

தேவிகா தலையில் அடித்துக்கொண்டாள். ரவிகுமார் கோடி சம்பாதித்தாலும் வரிசையின் வாலில்தான் நிற்பான், நடு வீடு நகராது என்றாள். சராசரி என்றால் குதிக்குமாம், இது சராசரி இல்லையாம். தூணுக்குப் பின்னால் நிற்கிற ரவிகுமார் தம்பி, அக்கா தப்பாப் பேசிட்டேன். காலையில் கடைக்கு வா.

அப்படியென்றால் நகர்த்தியது யார்? முன்னால் நிற்க வேண்டிய நாம் ஒவ்வொருவராய் நழுவிப் பின்னால் போய் நின்றோம். ஏன் போனோம்? தேவிகாவுக்குத் தெரு தெரியாதென்று வழிகாட்ட யாரை அனுப்பினோம்? கல்யாணத் தரகர் எலைன் அக்காவை! எலைன் அக்கா வாசலில் நிற்கும்போது எந்தத் தாய் மகன் சம்பளத்தை உள்ளபடி சொல்லுவாள்? எந்தத் தகப்பன் பென்ஷனைப் பெருக்காமல் விடுவான்? முகத்தை மூடாதீங்க அக்கா. நீங்க ஒண்ணும் கேக்கல, சும்மா நின்னீங்க, அதுவே போதுமே.

டிரஸ்டிடம் கேட்டு மறுகணக்கு எடுக்க நாளைக்குத் தேவிகா மறுபடி வருகிறாள், தனியாக. ஆனால் ஊருக்கு ஒரு தொகை, தேவிகாவுக்கு ஒரு தொகை என்றால், எங்கே வெளியே வந்துவிடுமோ என்று நாக்கு மறுபடியும் நழுவும். அதனால் என் வீட்டு உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த அறுநூறில் என் வீடும் ஒன்று. நாற்பத்தைந்தாயிரம் என்றேன். எலைன் அக்கா வழியாக அதைக் கேட்டுத்தான் மூன்றாவது வரிசையில் இருக்கும் பிரதாப் அண்ணன் தன் மகள் ஓவியாவை என் மகன் வேந்தனுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். நேற்று வேந்தன் என்னிடம், "நான் வாங்காத சம்பளத்துக்கு நீ பொண்ணு பாக்காதம்மா" என்றான்.

பிரதாப் அண்ணா, வேந்தன் சம்பளம் பதினாலாயிரம். கடையில் எனக்கு மிஞ்சுவது நாலாயிரம். எங்கள் வீட்டு வருமானம் பதினெட்டாயிரம்.

சொல்லிவிட்டேன். மைக் எரியவில்லை, மேடை இடியவில்லை.

இன்னா அண்ணா, எழுந்துட்டீங்க? கிளம்புறீங்களா? இல்லையா? சத்தமாச் சொல்லுங்க, பின்னாடி கேக்கல. சரி, நானே சொல்றேன். சர்வேயில் ஐம்பதாயிரம்னு எழுதிக் கொடுத்த அவங்க வீட்டில் பதினாறாயிரமாம்! சம்பந்தி, நீங்க என்னைவிடப் பெரிய ஆளா இருக்கீங்களே!

லதா கை தூக்குறாங்க. அந்தப் பக்கம் ரெண்டு கை, இந்தப் பக்கம் நாலு கை. இறக்குங்க, எனக்கு வேண்டாம், நாளைக்குத் தேவிகாவிடம் சொல்லுங்க. நம் வறுமை நமக்கு வெட்கமா? அதை மறைத்ததால் ஒருத்தி ரயிலில் வாடுகிறாளே, அதுதான் வெட்கம்! முன் வரிசையில் அந்தக் காலி நாற்காலியைப் பாருங்கள். சுலோச்சனாவுக்குப் போட்டது. இந்த நிமிஷம் அவள் பெங்களூரிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறாள். அடுத்த கூட்டத்தில் அவள் அதில் உட்கார வேண்டும் என்றால், நாளைக்கு அவரவர் வீடு அவரவர் இடத்தில் நிற்கட்டும்!

கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்ட தலைவருக்கும், கல்லெறியாமல் கேட்ட உங்களுக்கும், இப்போதே முகூர்த்தத் தேதி பார்க்கிற எலைன் அக்காவுக்கும் என் நன்றி. பாப்பம்மாவின் பதினெட்டாயிரம் ரூபாய் வணக்கம்!