விடைத்தாளில் விழுந்த துளி

— தலையைத் தூக்காதே, கணக்கு டீச்சரே. குனி. இன்னும் குனி.

— குனிஞ்சுதான் இருக்கேன் நர்ஸ் அக்கா.

— எலும்புல பிடிச்சு என்ன பிரயோஜனம்? கீழ பிடி. மெத்துன்னு இருக்கிற இடத்துல. ஆங்... ரெண்டு விரலாலயும் அழுத்து. வாயால மூச்சு விடு.

— எனக்கே சொல்லித் தர்றீங்களா? நாலு வருஷமா இதுதானே பார்த்துக்கிட்டிருக்கேன்.

— அவ்வளவு தெரிஞ்சவ ஏன் துணியெல்லாம் நனைச்சுக்கிட்டு வந்து நிக்கறே? இந்தக் கிண்ணத்தைப் பிடி. தொண்டைக்கு வந்தா துப்பிடு, முழுங்காதே.

— பணி என்னக்கா?

— என்ன பணி?

— பணி... கடிகாரத்துல.

— மணியா? மூக்கைப் பிடிச்சா உன் மெல்லினம் எல்லாம் வல்லினமாயிடுது போ. பதினொன்று ஐம்பது. பன்னெண்டு அஞ்சு வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. நடுவுல விட்டு விட்டுப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

— பன்னெண்டரைக்குப் பரீட்சை முடிஞ்சிடும்.

— முடியட்டும். உன் அறைக்கு ஓவிய மாஸ்டரை அனுப்பியாச்சு.

— அவர் தூங்கிடுவார்.

— தூங்கினா பசங்க நிம்மதியா எழுதுவாங்க. இந்தா, ஐஸ். துணியோட வை, மூக்குத் தண்டு மேல... தலை சுத்துதா?

— இல்லக்கா. அந்தப் பொண்ணு...

— எந்தப் பொண்ணு?

— மூணாவது வரிசையில கடைசி. கண்ணாடி போட்டவ.

— அவளுக்கென்ன? ரத்தத்தைப் பார்த்துப் பயந்துட்டாளா?

— பயப்படலை. அதான்...

— இழுக்காம சொல்லு.

— அவ விடைத்தாள் மேல விழுந்துடுச்சு.

— ...எது?

— ரத்தம். ஒரு துளி.

— ஒரே ஒரு துளிதானே?

— முதல்ல ஒண்ணு. நான் நிமிர்றதுக்குள்ள இன்னொண்ணு.

— அடப் பாவமே. எப்படி விழுந்துச்சு?

— கூடுதல் தாள் கேட்டா. கொடுத்துட்டு, அதுல கையெழுத்துப் போடக் குனிஞ்சேன். காலையிலிருந்தே மூக்குக்குள்ள காய்ஞ்சு போய்தான் இருந்துச்சு. அந்த இடத்துல ஃபேன் காத்து வேற நேரா முகத்துல அடிக்குது. பாதிக் கையெழுத்துல இருக்கேன், உதட்டு மேல சூடா ஒண்ணு ஊருது. எனக்குத் தெரியாதா அது என்னன்னு? கைக்குட்டையை எடுக்கறதுக்குள்ள விழுந்துடுச்சு. புதுத் தாள்ல விழுந்திருந்தா அதைத் திரும்ப வாங்கிட்டு வேற கொடுத்திருப்பேன். பக்கத்துல அவ எழுதி வச்சிருந்த தாள்ல போய் விழுந்துச்சு. ஆறாவது கேள்வி. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தா. அதுக்கு நட்ட நடுவுல.

— அவ என்ன பண்ணினா?

— ரப்பரை எடுத்துத் தேய்ச்சா. இன்னும் பரவிடுச்சு. அப்புறம் அது மேல உள்ளங்கையை வச்சு மறைச்சுக்கிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. 'நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் டீச்சர்'னா. பக்கத்து பெஞ்சுக்குக்கூடக் கேட்காத மாதிரி.

— தங்கமான பொண்ணு.

— அவ அப்படி இருக்கறதாலதான் என்னால சும்மா இருக்க முடியலை.

— பேசாதே, பேசினா பிடி தளருது. ரெண்டு துளிதானே? காய்ஞ்சா பழுப்பாயிடும். திருத்தறவங்க ஏதோ காபி கொட்டிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவாங்க.

— பரீட்சை எழுதறவளுக்கு யாருக்கா காபி கொடுத்தா?

— திருத்தறவங்க காபின்னு வச்சுக்கோயேன்.

— அக்கா, தாள்ல சந்தேகமா ஏதாவது குறி இருந்தா தனியா எடுத்து வச்சுடறாங்க. போன வருஷம் ஓரத்துல பூ வரைஞ்சான்னு ஒரு பையனோட ரிசல்ட்டை ரெண்டு மாசம் நிறுத்தி வச்சாங்களே. அவன் அம்மாவை இந்தக் கட்டில்ல உட்கார வச்சுத் தண்ணி கொடுத்தது நீங்கதானே.

— அந்தப் பையன் கதை வேற.

— என்ன வேற? அவனாவது தானா வரைஞ்சான். இவ ஒண்ணுமே பண்ணலை.

— இப்ப என்ன பண்ணலாங்கறே?

— அறையில மேற்பார்வைக்கு இருந்தவ குறிப்பு எழுதிக் கொடுக்கணும். இன்னது நடந்தது, மாணவி மேல தப்பு இல்லைன்னு. அதுல பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டு விடைத்தாளோட சேர்த்துக் கட்டணும். ஒரு மணிக்குக் கட்டி முத்திரை வச்சுட்டாங்கன்னா அப்புறம் யாரும் பிரிக்க முடியாது.

— எழுதிக் கொடு. கதவுல மூக்கை இடிச்சுக்கிட்டேன்னு எழுது.

— முப்பது பேர் பார்த்தாங்க. நான் எந்தக் கதவுலயும் இடிக்கலை.

— அப்ப வெயில்னு எழுது. வெயிலுக்கு யாருக்கு வேணும்னாலும் மூக்குல ரத்தம் வரும்.

— வெயில்ல ரெண்டு நிமிஷத்துல நின்னுடும். நான் இங்க வந்தே எவ்வளவு நேரமாச்சு?

— ஒன்பது நிமிஷம். நாலஞ்சு வரி எழுதப் போறே, அதுல உன் ஜாதகத்தையே எழுதணுமா?

— பெரிய டீச்சர் படிச்சுட்டுக் கேட்பாங்க. 'இதுக்கு முன்னாடி வந்திருக்கா?'ன்னு ஒரு கேள்வி கேட்டா போதும். என்ன சொல்றது? அவங்க முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லணும். நான் சொல்ற பொய்க்கு அந்தப் பொண்ணும் பொய் சொல்லணும்.

— சொல்லாட்டிப் போகட்டும்னு விட்டுடு. எல்லாத்தையும் தோண்டித் துருவ வேண்டாம்.

— நீங்க ஏன் அக்கா இவ்வளவு பதறறீங்க?

— உனக்காகத்தான். வேற யாருக்காக? அடுத்த மாசம் உன்னை நிரந்தரமாக்கப் போறாங்க. உடல்தகுதிச் சான்றிதழ் கேட்கப் போறாங்க. இந்த நேரம் பார்த்து நீயே போய் வாயைக் கொடுக்கறேங்கறே. பழைய ஸ்கூல்ல பட்டது போதாதா? சரி, அதை ஞாபகப்படுத்தினது தப்புதான். அழாதே. அழுதா மூக்குல இன்னும் தண்ணி சேரும்.

— அழலைக்கா. அங்க என்ன நடந்துச்சுன்னு உங்ககிட்ட முழுசாச் சொன்னதில்ல.

— இப்ப சொல்லணுமா?

— சின்ன வகுப்பு. ஒரு குழந்தை கையைப் பிடிச்சு எண் எழுதக் கத்துக் கொடுத்துக்கிட்டிருந்தேன். அவ சட்டைக் காலர்ல விழுந்துச்சு. வீட்டுக்குப் போனதும் அம்மா பார்த்திருக்காங்க. மறுநாள் காலையில ஏழெட்டுப் பேர் வாசல்ல. ஒட்டிக்குமா, பரவுமான்னு. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு குறைவா இருந்தா அடுத்தவங்களுக்கு எப்படிக்கா ஒட்டும்? விளக்கிச் சொல்றேன்னேன். நிர்வாகத்துல ரொம்ப மரியாதையாப் பேசினாங்க. டீ எல்லாம் கொடுத்தாங்க. 'முதல்ல உடம்பைப் பார்த்துக்கோங்க டீச்சர்'னாங்க. வெளிய வந்து பார்த்தா என் மேஜையில இருந்ததெல்லாம் ஒரு அட்டைப் பெட்டியில இருக்கு. என் ஸ்கேல், என் டப்பா, பசங்க கொடுத்த வாழ்த்து அட்டை... யாரோ அழகா அடுக்கி வச்சிருந்தாங்க.

— அதான் சொல்றேன். இங்கயும் ஒரு அட்டைப் பெட்டி வேணுமா?

— வேண்டாம்தான். ஆனா அந்த ஸ்கூல்ல நான் முன்னாடியே சொல்லலைக்கா. விழுந்ததுக்கு அப்புறம் சொன்னேன். அப்ப அது திருட்டுத்தனமா தெரிஞ்சுது. இங்கயும் ரெண்டு வருஷமா உங்களைத் தவிர யாருக்கும் சொல்லலை.

— நீயா சொன்னே? அன்னைக்குப் படிக்கட்டுல மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்... ஆச்சு, பன்னெண்டு அஞ்சு. மெதுவா விடு. மெதுவா.

— நின்னுடுச்சா?

— கொஞ்சம் கசியுது. திரும்பப் பிடி. இன்னொரு பத்து நிமிஷம். டாக்டர் கொடுத்த மாத்திரை எங்க?

— பையில சின்ன ஜிப்ல. ஒண்ணு.

— இந்தா. தண்ணி சில்லுன்னுதான் இருக்கு, குடி. ஒவ்வொரு தடவையும் பதினைஞ்சு நிமிஷத்துல நின்னுடுமே, இன்னைக்கு என்ன இது? கடைசியா எடுத்த டெஸ்ட்ல தட்டணு எவ்வளவுன்னு சொன்னே? நாப்பதாயிரம்தானே?

— கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்த்துங்க.

— கணக்கு.

— பதினாலு.

— பதினாலாயிரமா? சாதாரணமா ஒன்றரை லட்சம் இருக்கணும்னு நீதானே சொன்னே? என்னைக்கு எடுத்தது?

— வியாழக்கிழமை.

— வெள்ளிக்கிழமை கேட்டதுக்கு நாப்பதுன்னு வாய் கூசாம சொன்னியே. கணக்கு டீச்சரே கணக்கைத் தப்பாச் சொல்லலாமா?

— நாப்பதுன்னா திட்டுவீங்க. பதினாலுன்னா அழுவீங்க. திட்டு வாங்கிக்கலாம்னு பார்த்தேன்.

— யாரு அழறா? கண்ணுல ஏதோ பட்டுது. டாக்டர் என்ன சொன்னார்?

— மாத்திரையைக் கூட்டணும்னார். பரீட்சை முடியட்டும்னு நான்தான் தள்ளிப் போட்டேன். போன தடவை கூட்டினப்ப முகம் எப்படி ஊதிப் போச்சு பார்த்தீங்கள்ல? கண்ணாடியில யாரோ நிக்கற மாதிரி இருந்துச்சு. பசங்க 'பலூன் டீச்சர்'னு பேர் வச்சாங்க. ராத்திரி தூக்கம் இல்ல, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்தேன். உங்க மேலகூட.

— விழுந்தா விழு. என் மேல விழறதுக்கு என்ன, நான் என்ன விடைத்தாளா?

— சிரிக்க வைக்காதீங்க அக்கா, கை நழுவுது.

— சிரிக்காதே. இன்னைக்கு சாயந்திரம் நேரா டாக்டர்கிட்ட போறோம். போறேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போற வேலை வேண்டாம். என் வண்டியில நானே கூட்டிக்கிட்டுப் போறேன். இப்ப நிக்கலைன்னா சாயந்திரம்கூட இல்ல, இப்பவே.

— சரிக்கா.

— இவ்வளவு சீக்கிரம் சரின்னா நம்ப முடியலையே.

— நிஜமாத்தான். மறைச்சு மறைச்சு அலுத்துப் போச்சு. ஒரு பயமும் இல்லாம ஒரு நாள் வகுப்புக்குப் போகணும். கரும்பலகையில எழுதும்போது அடிக்கடி மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கறேன். சாக்பீஸ் தூள் மூக்குல, பசங்க சிரிக்கறாங்க. தும்மல் வந்தா வாயைத் திறந்துக்கிட்டு தும்மறேன், அதுக்கும் சிரிக்கறாங்க. ஏன்னு ஒரு தடவை சொல்லிட்டா அவங்களுக்குப் புரியும். பதினைஞ்சு வயசுப் பொண்ணு ஒரு நொடியில புரிஞ்சுக்கிட்டாளே.

— பிள்ளைங்க புரிஞ்சுக்கும். சம்பளம் போடறவங்க?

— பெரிய டீச்சருக்குப் புரியலாம், புரியாமலும் போகலாம். என் வேலை போனா வேற தேடிக்குவேன். அவளுக்கு இந்த வருஷப் பரீட்சை போனா அடுத்த வருஷம்தான். நான் அவகிட்ட என்ன சொல்லிட்டு வெளிய வந்தேன் தெரியுமா?

— என்ன சொன்னே?

— ஒண்ணுமே சொல்லலை. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்'ங்கறா, நான் சரின்னு தலையை ஆட்டறேன். ஒரு டீச்சர் பண்ற வேலையா அது? இங்க நடந்து வர்ற வரைக்கும் அதான் மனசுல.

— ...பன்னெண்டு பதினஞ்சு. விடு, பார்ப்போம்.

— எப்படி இருக்கு?

— இரு, அசையாதே. டார்ச் எங்க வச்சேன்... வாயைத் திற. தொண்டையில ஒண்ணும் வரலை. மூக்கும் காய்ஞ்சிருக்கு. நின்னுடுச்சு.

— சரியாப் பாருங்க.

— பார்த்துட்டேன். சிந்தாதே, நோண்டாதே, குனியாதே. சூடா எதையும் குடிக்காதே. மூக்குக்குத் தடவற களிம்பை ராத்திரி தடவிக்கோ, இப்பத் தொடாதே.

— எல்லாம் தெரியும் அக்கா.

— தெரிஞ்சுதான் பதினாலை நாப்பதுன்னே. முகத்தைத் துடை. கன்னத்துல இருக்கு... இந்தப் பக்கம்.

— ஒரு வெள்ளைத் தாள் கொடுங்க. இங்கயே எழுதிடறேன்.

— கொஞ்ச நேரம் படுத்துட்டு எழுதேன்.

— படுத்தா மனசு மாறிடும்.

— மாறட்டுமே.

— அக்கா.

— சரி, சரி. இந்தா தாள். பேனா. நிமிர்ந்து உட்கார்ந்து எழுது, அட்டையை நான் தூக்கிப் பிடிச்சுக்கறேன்.

— 'மூன்றாவது வரிசையில் கடைசியாக அமர்ந்திருந்த மாணவியின் விடைத்தாளில் காணப்படும் கறை, அறை மேற்பார்வையாளராகிய என் மூக்கிலிருந்து வடிந்த ரத்தம். எனக்கு நான்கு ஆண்டுகளாகத் தட்டணுக் குறைபாடு உள்ளது. இது பிறருக்குத் தொற்றாது. இதற்கு மாணவி எந்த விதத்திலும் பொறுப்பல்ல.' போதுமா?

— போதும். ரொம்பவே போதும்... 'நான்கு ஆண்டுகளாக'ங்கறதை எடுத்துடக் கூடாதா?

— எடுக்க மாட்டேன்.

— பிடிவாதம்.

— முதல்ல பெரிய டீச்சர். அப்புறம் பரீட்சை முடிஞ்சு அவ வெளிய வரும்போது அவகிட்ட சொல்லணும், நான் சொல்லிட்டேன், நீ எதையும் மறைக்க வேண்டாம்னு. எப்பெப்ப வந்துச்சுன்னு பெரிய டீச்சர் கேட்டாலும் கவலை இல்ல. இந்த அறைப் பதிவேட்டுல தேதி போட்டு இருக்குமே, எடுத்துக் காட்டிடலாம்.

— பதிவேடா? அது எதுக்கு?

— யார் வந்தாலும் எழுதணும்னு விதி இருக்குல்ல? நான் கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் நீங்க எழுதினதைப் பார்த்திருக்கேன்.

— எழுதினேன்.

— அப்புறம் என்ன? கொடுங்க, கையோட கொண்டு போறேன்.

— வேண்டாம், அதை நானே எடுத்துக்கிட்டு வர்றேன். நானும் உன்கூட வந்துதான் ஆகணும்.

— நீங்க எதுக்கு? உங்களுக்கு இதுல என்ன இருக்கு?

— இருக்கு. வெளிய போலாம், நடந்துக்கிட்டே சொல்றேன்.

— இப்பவே சொல்லுங்க. என்ன எழுதி வச்சிருக்கீங்க?

— கால் சுளுக்குன்னு. ஒன்பது தடவையும்... நாலு தடவை இடது கால், அஞ்சு தடவை வலது கால்.